கதிரையின் கீழ் ஒட்ட இருந்த குறிப்பு

அன்பின் உங்களுக்கு,

தொலைபேசியில் சொன்னால் சிரிப்பீர்கள். அதனால் மன்னாருக்கு எழுதுகிறேன். நீங்கள் உட்காரும் நம் விறாந்தைக் கதிரையை நான் வரைந்த படங்களைக் கொழும்புக் காட்சிக்கூடம் ஒன்று விற்பனைக்கு எடுத்தது அல்லவா? படங்களின் கீழே ஒட்டும் குறிப்பை அதன் உரிமையாளர் சர்மிலா நேற்று அனுப்பினார். ‘காணாமற்போன கணவருக்காகக் காத்திருக்கும் கதிரை’ என்று இருந்தது.

உடனே அழைத்தேன். “அவர் மன்னாரில வேலை செய்யிறார். லீவில வாறப்ப வரையிறத்துக்கு இருத்தினா, ‘இந்தா வாறன் புள்ள, மீன்காரன் போறான்’ எண்டு எழும்பிப் போயிருவார். பிறகு கதிரையை மட்டும்தான் வரையலாம்” என்றேன்.

“ஐயோ அக்கா, அத யாருக்கும் சொல்லாதீங்க! வாங்குறவங்க அந்தக் கதையத்தான் வாங்குறாங்க. திறப்பு விழாவுக்கு அவரக் கூட்டிட்டு வந்துடாதீங்க.”

நம் ஒழுங்கையில் கடைசி வீட்டு இராசாத்தி அக்கா உண்மையாகவே காணாமற்போன தன் கணவருக்காகக் காத்திருக்கிறார். அதை என் படத்தில் ஒட்டி விற்க முடியாது. குறிப்பை எடுத்துவிடுங்கள், இல்லையென்றால் படங்களைத் திருப்பி அனுப்புங்கள் என்று சொல்லிவிட்டேன். இந்த வயதில் கிடைத்த முதல் கண்காட்சி இது. இன்னும் பதில் வரவில்லை.

அந்தக் குறிப்பைப் படித்த பிறகு கதிரையை வெறுமையாகப் பார்க்கப் பிடிக்கவில்லை. இன்று காலை நானே அதில் உட்கார்ந்து தேநீர் குடித்தேன்.

கண்காட்சி நடந்தால் நீலச் சேர்ட்டைப் போட்டுக்கொண்டு வந்து படத்துக்குப் பக்கத்தில் நில்லுங்கள். நடக்காவிட்டாலும் லீவு எடுத்து வீட்டுக்கு வாருங்கள். மீன்காரரை நான் மறித்து வைக்கிறேன்.

உங்களை இன்னும் வரைந்து முடிக்காதவள்