அம்மா சொன்னதும் நான் எழுதியதும்

அன்புள்ள மூத்தவளுக்கு,

அம்மா சொல்லச் சொல்ல உன் தங்கை எழுதுவது. இங்கே நாங்கள் இருவரும் ஏதோ ஓடிக்கொண்டிருக்கிறோம், நீ அங்கே ஒரு குறையும் இல்லாமல் இருக்க வேண்டும். குளிரில் காதை மூடாமல் வெளியே போகாதே, வெறும் வயிற்றோடு வேலைக்கு ஓடாதே.

இதுவரை அம்மா சொன்னது. தைத்த சட்டையைக் கொடுக்க எதிர்வீட்டுக்குப் போயிருக்கிறாள், அவள் திரும்புவதற்குள் நான் ஒன்றைச் சொல்லியாக வேண்டும் அக்கா. சின்ன வயதில் உன் செருப்பில் பசை தடவிய மாதிரி விளையாட்டு விஷயம் இல்லை இது. இரண்டு மாதமாக நகராட்சி மக்கள் தொடர்பு அலுவலகத்தில் பயிற்சிக்குப் போகிறேன் அல்லவா, கெட்ட செய்தி என்றால் தலையைச் சுற்றித்தான் மூக்கைத் தொட வேண்டும் என்று முதல் நாளே அங்குள்ள மேடம் சொல்லிவிட்டார். எனக்கா சொல்லித் தர வேண்டும்? நகராட்சிக் கடையை இழுத்து மூடுவதைப் "புதுப்பொலிவுக்கான இடைவேளை" என்று எழுதினேன். "வாயாடி, உன் நாக்குல சர்க்கரை ஆலையே ஓடுதுடி" என்றார். அந்த ஆலையை வீட்டுக்கும் கொண்டுவந்துவிட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை போனில் அம்மா "சாப்பிட்டியா, தூங்கினியா"வோடு நிறுத்திக்கொள்வாள், மனதில் உள்ளது கடிதத்தில்தான் வரும், உனக்கே தெரியும். போன மூன்று கடிதங்களிலும் அவள் சொன்னது இது: "கண்ணுல புரை, ஊசி கோக்க முடியல, இருபதாம் தேதி ஆபரேஷன், ஒரு வாரம் வந்துட்டுப் போடி." நான் எழுதியது: "அம்மா தையலைக் குறைத்துக்கொண்டு நன்றாக ஓய்வெடுக்கிறாள்." புது வேலையில் உன்னைப் பதற வைக்கக் கூடாது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அதுவும் என் அலுவலக அறிக்கை மாதிரிதான். நீ வந்தால் உன் அறையை விட்டு நான் மறுபடி கூடத்துக்குப் போக வேண்டும், அக்கா. நிஜக் காரணம் அவ்வளவுதான்.

போன வாரம் குழாய் சரிசெய்ய இரண்டு நாள் தண்ணீர் நிற்கப்போகிறது என்பதை "மேம்பாட்டுப் பணிகளை முன்னிட்டு விநியோகத்தில் சிறு மாற்றம்" என்று எழுதிக் கொடுத்தேன். மேடமும் பாராட்டி அனுப்பினார். தண்ணீர் நின்ற மறுநாள் கைக்குழந்தையோடு ஒரு அம்மா காலி வாளியைக் கொண்டுவந்து என் மேசைமேல் வைத்தார். "தண்ணி வராதுன்னு ஒரு வார்த்தை எழுதியிருந்தா முந்தின நாளே பிடிச்சு வச்சிருப்பேனே பாப்பா" என்றார். மேடமும் நானும் வாளியையே பார்த்துக்கொண்டிருந்தோம். அன்று வீட்டுக்கு வந்தால், அம்மா ஒரு சட்டையின் கையைத் தலைகீழாகத் தைத்துவிட்டுப் பிரித்துக்கொண்டிருந்தாள். "மூணு தடவை எழுதியாச்சு, கண்ணைப் பத்தி ஒரு வார்த்தை கேக்கல. பெத்த மனம் பித்து, பிள்ளை மனம் கல்லு" என்றாள். கல் நீ இல்லை என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. மக்கள் தொடர்பு கற்கப்போய் மகள் தொடர்பை அறுத்துவிட்டேன்.

அம்மா வந்துவிட்டாள். இதுவரை எழுதியது முழுவதையும் அவளுக்கு வாசித்துக் காட்டினேன். அடிப்பாள் என்று நினைத்தேன். தையல் மிஷின் சக்கரத்தை நூல் இல்லாமல் கையால் சுற்றிக்கொண்டே இருந்தாள். "அப்போ அவளுக்குத் தெரியவே தெரியாதா?" என்று இரண்டு முறை கேட்டாள். அவள் முகம் அப்படித் தெளிந்ததைப் பார்க்க எனக்கு இன்னும் கஷ்டமாக இருந்தது. பிறகு, "அவ வர்றதுக்குள்ள அந்த ரூமைக் காலி பண்ணு" என்றாள். பாயைச் சுருட்டிக் கூடத்தில் போட்டுவிட்டேன்.

இனி வருவது அம்மா சொன்னபடியே, ஒரு எழுத்தும் மாற்றவில்லை: நூறு வயசு நல்லா இரு. லீவு கேக்கக் கூச்சப்படாதே. இருபதாம் தேதி, மறக்காதே. எனக்குப் பயமா இருக்கு, வந்துடு.

கையெழுத்தை அவளே போட்டாள். கோடு தெரியாமல் தாளைத் தாண்டி மேசைமேலும் போய்விட்டது. மேசையில் இருப்பதை நான் துடைக்கவில்லை, நீ வந்து பார்.

இப்படிக்கு,
அம்