சாப்பிடாத அக்கா

ஜூன் 14, சனி
எழுந்ததும் முதல் வேலை, மாடிக்கு ஓடி அரைகுறையாகக் காய்ந்த துணியை எடுத்தது. தூறல். ஊரிலிருந்து, ராமாபுரம் பஸ்ஸில், அம்மா, தம்பி செல்வம், அவன் மகள் திவ்யா வந்து இறங்கினார்கள். இங்கே கல்லூரியில் அவளுக்கு இடம் கிடைத்திருக்கிறது.

புனே மாற்றல் பற்றி வீட்டில் மூச்சு விடவில்லை. இரண்டு வருடம். வேண்டும் என்று நான்தான் கேட்டது. கிடைத்ததும் தயக்கம். திங்களன்று ஆபீசில் பதில் சொல்ல வேண்டும்.

மதியம் டிவியில் அம்மாவுக்குப் பிடித்த பழைய படம். சின்ன வயதில் நானும் அழுத படம். இன்று கொட்டாவி. தியாக அக்கா, குடிகாரத் தம்பி, இடுப்பில் கை வைத்தபடியே திரியும் தம்பி மனைவி. நாற்பது வயதைக் காட்ட அக்காவின் காதோரம் நரையாகப் பவுடர். எல்லாருக்கும் பரிமாறுகிறாள். படம் முழுக்க அவள் ஒரு வாய் சாப்பிடவில்லை. கோபமில்லை, தலைவலிகூட இல்லை. கடைசியில் இருமிச் சாகிறாள். இப்படி ஒருத்தி எங்கே இருக்கிறாள்?

அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டு, என்னைப் பார்த்து, "என்ற பெரிய புள்ளையாட்டமே இருக்குது."

திவ்யா: "அத்தே, அவங்க ஏன் ஒண்ணுமே பேசல? வாயே இல்லியா?"

செல்வம்: "பேசிட்டா படம் எப்புடி ஓடும்?"

ஜூன் 15, ஞாயிறு
மூடிய வானம். பீன்ஸ் பொரியல், ரசம். சமையலறையில் இருந்தபோது காதில் விழுந்தது.

"புள்ளைய இங்க உடறதுக்கு அக்காவ ஒரு வார்த்த கேட்டியாடா?" அம்மா.

"அக்கா மாட்டேன்னா சொல்லப்போவுது? தனியாத்தான இருக்குது."

நான் போய்க் கேட்கவில்லை. ரசத்தை இறக்கினேன்.

எல்லாருக்கும் பரிமாறி முடித்து, சட்டியில் ஒட்டியிருந்த சோற்றை நின்றபடியே பிசைந்து வாயில் போடும்போது அந்தப் பவுடர் அக்கா ஞாபகம். காமிரா நகர்ந்த பிறகு அவளும் இப்படித்தான் தின்றிருப்பாள்.

திவ்யா பாத்திரம் கழுவ வந்தாள். ரகசியக் குரலில், "அத்தே, பேஜார் பண்ணிக்காதீங்க. எனக்கு ஹாஸ்டல்தான் இஷ்டம். ஃப்ரெண்ட்ஸ் எல்லாம் அங்கதான். அப்பாகிட்ட சொல்ல பயம்."

பேஜாரா? எனக்கா வருத்தம்? சிரிப்பை அடக்கக் குழாயைத் திறந்துவிட்டேன்.

ஜூன் 16, திங்கள்
மழை. கம்பெனி பஸ்ஸிலேயே எழுதுகிறேன், கோணல்மாணலாக. தூக்கம் போதவில்லை.

ஊருக்குக் கிளம்பும்போது செல்வம், "திவ்யாவோட பொட்டிய அடுத்த வாரம் கொண்டாறேனுக்கா." நான் தலையாட்டவில்லை. அவன் கவனிக்கவும் இல்லை.

ஆபீஸ் இருக்கும் ஹெப்பாள் வந்துவிட்டது. முதலில் கேன்டீனில் உட்கார்ந்து ஒரு செட் தோசை, நிதானமாக. பிறகு மானேஜரிடம், புனேவுக்குப் போகிறேன் என்று. சாயங்காலம் செல்வத்துக்கு போன். ஹாஸ்டல் விஷயத்தையும் நானே சொல்லிவிடுவேன்.