பேசா நோன்பும் பலாவ்ராவும்

இஸ்மிர், ஜூன் 7, 1953, ஞாயிறு

இன்று வீட்டில் இருந்தவர்கள்: நான், கணவர் யாகிர், மகள் லூனா, மாப்பிள்ளைப் பையன் மோரிஸ், அவன் தாய் புலிசா. வேறு யாரும் இல்லை. வழக்கப்படி எல்லோரும் ரோஜா ஜாம் ஒரு கரண்டி எடுத்துக்கொண்டார்கள். புலிசா என் கையைப் பிடித்து, "வார்த்தை குடுத்துட்டோம் சம்பந்தி. நாள் குறிக்க நானே வர்றேன்" என்றார். இறைவா, உமக்கு நன்றி.

ஜூன் 10

புலிசாவிடமிருந்து தகவல் இல்லை. துணி காயப்போடும்போது பக்கத்து வீட்டு மக்புலேயிடம் சொன்னேன். சொல்லியிருக்கக் கூடாது.

"பலாவ்ரா, அக்கா! பையனப் பெத்தவ வாயில வர்றது பூரா பலாவ்ரா!"

துருக்கியர் வாயில் அதற்குப் புருடா, வெட்டிப்பேச்சு என்று பொருள். எங்கள் யூத வீடுகளிலோ பலாவ்ரா என்றால் 'வார்த்தை', அவ்வளவுதான்.

ஜூன் 11

நம் சொல் எப்படி இப்படி ஆயிற்று என்று யாகிரிடம் கேட்டேன். சந்தையில் துணி விற்கிறவர், சிரித்தார்.

"ஸ்பெயின்லேர்ந்து நம்மாளுங்க கொண்டுவந்த சொல்லுடி. 'என் வார்த்தை, என் வார்த்தை'ன்னு கெஜத்துக்கு ஒம்பது சத்தியம் பண்ணி வித்தோம். வாங்கினவன் துணியத் தண்ணில நனைச்சுப் பாத்தான், சாயம் போச்சு. அப்புறம் புருடாவுக்கு அதையே பேரா வச்சுட்டான்."

உண்மையா, இதுவும் கடைப்பேச்சா, தெரியவில்லை. ஆனால் மக்புலேயிடம் வாயை விட்டது யார்? நான்தானே?

ஜூன் 14, ஞாயிறு

வாயை விட்ட பாவத்துக்கு நாளை பேசா நோன்பு. நட்சத்திரம் தெரியும்வரை தாவீதின் சங்கீதங்கள் தவிர ஒரு சொல் கிடையாது. எழுத்தும் கிடையாது.

ஜூன் 16

நேற்றா வர வேண்டும்! புலிசாவேதான். லூனாவும் யாகிரும் வீட்டில் இல்லை.

"வர்ற ஞாயித்துக்கிழமை மோதிரம் மாத்திக்கலாமா சம்பந்தி? ஒரு வார்த்தை சொல்லுங்க."

ஒரு வார்த்தை — அதுதானே என்னிடம் இல்லை! உதட்டில் விரல் வைத்தேன். ஜாம் தட்டை நீட்டினேன். பதற்றத்தில் வாய் தானாகச் சங்கீதத்தை முணுமுணுத்தது.

"நான் என் புள்ளையப் பத்திக் கேக்கறேன், நீங்க பொஸ்தகம் படிக்கறீங்களா?"

படியிறங்கிப் போய்விட்டார். அவர்கள் வீட்டில் இந்த வழக்கம் இல்லை போலும். ஓடிப்போய்ப் பிடித்திருக்கலாமே... நோன்பு முறிந்தால் முறியட்டும் என்று ஏன் தோன்றவில்லை?

லூனா கேட்டாள்: "வருஷம் பூரா பேசுவியேம்மா, நேத்துதானா உனக்கு வாய் அடைக்கணும்?" அப்புறம் சாப்பிட வரவில்லை.

ஜூன் 18

"கோஹேன் வீட்டுக்காரங்க குடுத்த வார்த்தை பலாவ்ரா" — எங்களைத்தான், புலிசா சந்தையில் சொன்னாராம், துருக்கி மொழியில், எல்லோர் காதிலும் விழும்படி. கேட்டுவந்து சொன்ன மக்புலே இந்த முறை சிரிக்கவில்லை.

ஜூன் 19, வெள்ளி, ஓய்வுநாள் விளக்கேற்றுமுன்

புலிசாவுக்குக் கடிதம் எழுதினேன். முழுப் பக்கம். லூனா பக்கத்தில் வந்து உட்கார்ந்து பென்சிலை வாங்கி வரிவரியாக அடித்துக்கொண்டே போனாள். "போதும்மா, வளவளன்னு வேணாம்." மிஞ்சியதை மக்புலே கொண்டுபோயிருக்கிறாள்:

"சம்பந்தி, திங்களன்று எனக்குப் பேசா நோன்பு. நீங்கள் கேட்டதற்கு என் பதில்: சம்மதம். ஞாயிறு வாருங்கள். சீக்கிரம் பதில் சொல்லுங்கள்."