தங்கம்மா அக்காவின் பாட்டு

நிவித்திகல
17.09.2025

அன்புள்ள தம்பி விதுர்ஷனுக்கு,

அக்கா ராகினி எழுதிக்கொள்வது. கத்தார் வெயிலில் உனக்கு ஒன்றும் ஆகக் கூடாது என்று தினமும் அம்மனைக் கேட்டுக்கொள்கிறேன். இங்கே சாப்பிடுகிறோம், கொழுந்து பறிக்க மலைக்குப் போகிறோம். போன் இருக்கும்போது ஏன் கடிதம் என்று நினைப்பாய். வரிசையாய் ஒட்டிக் கட்டிய லயத்து வீடுகளின் சுவர் உனக்குத் தெரியாததா? இருமினால் அடுத்த வீட்டுக் காம்பராவில் கேட்கும். பஜாரில் கடை வைத்திருக்கும் அக்ரம் நானா வெள்ளிக்கிழமை தோஹாவுக்குப் போகிறார். அவர் கையில் கொடுத்து அனுப்புகிறேன்.

எல்லாம் நம் பாட்டைப் பற்றித்தான். போன வருஷம் மே மழையில் கடைசிக் காம்பரா சரிந்து தங்கம்மா அக்கா செத்தபோது நீ லீவில் இங்கே இருந்தாய். லயத்துக்குப் பின்னால் களவாக மாணிக்கக் குழி தோண்டியவர்களை ஒருவரும் கேட்கவில்லை. மழைதான் காரணம் என்று எழுதி முடித்தார்கள். நீ கிட்டாரில் மெட்டுப் போட்டாய், நான் வரி எழுதினேன்.

'மழை மேல பழி போட்டு மூடினாங்க மண்ண
மலைக்குள்ள குழி வச்சுக் கொன்னாங்க உன்ன'

அப்போது எனக்குப் பயமே இல்லை. இந்த வருஷம் நீ அதை அங்கே பாடி பேஸ்புக்கில் போட்ட பிறகு இங்கே பிள்ளைகளுக்கெல்லாம் அதே பாட்டுதான்.

ஆடி மாதம் கொழுந்து நிறுக்கும் மடுவத்துக்கு அந்தக் குழி முதலாளியே வந்தார். சிரித்த முகம், தங்கச்சி என்று சிங்களத்தில் கூப்பிட்டார். "நங்கி, ஒங்க பாட்டு நல்லா இருக்காமே. எனக்கும் ஒரு தடவ பாடிக் காட்டுங்களேன்" என்றார். நான் கூடையைத் தூக்கிக்கொண்டு திரும்பினேன். "மகளுக்கு எட்டு வயசுதானே? ரப்பர் காட்டுப் பாதையில தனியாத்தானே ஸ்கூலுக்குப் போறா?" என்று கேட்டுவிட்டு பைக்கில் ஏறிப் போனார்.

உன்னிடம் கேட்காமல் வரியை மாற்றினேன். மூன்று நாள் ஆனது.

'மழை வந்து கரைச்சிருச்சு மலையோர மண்ண
மறுபடியும் எந்தக் காலம் பாப்போமோ உன்ன'

'கொன்னாங்க' என்ற சொல்லை அடித்தபோது அக்காவை நானே மண்ணுக்குள் தள்ளுவது போல் இருந்தது.

போன ஞாயிறு கோயிலில் பாடச் சொன்னார்கள். மாற்றிய வரியைப் பாடினேன். தங்கம்மா அக்காவின் மகள் பிரேமலதா எழுந்து நின்றாள். "இது எங்கம்மா பாட்டு இல்லக்கா" என்று சொல்லிவிட்டுப் பழைய வரியை அவளே பாடினாள். கூடவே இரண்டு குரல் சேர்ந்தது. அப்புறம் முழு லயமும் பாடியது. நானும் பாடிவிட்டேன், தம்பி. முதலாளியின் ஆள் ஒருவன் போனைத் தூக்கிப் பிடித்து ஒவ்வொரு முகமாகப் படம் எடுத்தான்.

திங்கட்கிழமையிலிருந்து மகளை ஸ்கூலுக்கு அனுப்பவில்லை. காய்ச்சல் என்று சொல்லி வைத்திருக்கிறேன். நேற்று பிரேமலதா இரத்தினபுரிக்குப் போய் ஒரு வக்கீலைப் பார்த்தாள். குழியைக் கண்ணால் பார்த்தவர்கள் சாட்சி சொல்ல வேண்டுமாம். நான் பார்த்தவள்தானே, என் பேரைக் கொடு என்று அவளிடம் சொல்லிவிட்டேன்.

தீபாவளிக்கு வருவதாகச் சொன்னாய். டிக்கெட் போடாதே. அம்மா அழுதாலும் வராதே. நானே போனில் 'வா' என்று கூப்பிட்டாலும் வராதே. அப்போது என் பக்கத்தில் யார் நிற்கிறார்கள் என்று உனக்குத் தெரியாது.

எனக்கு ஏதும் ஆனாலும் தகப்பன் இல்லாத என் பிள்ளைக்கு மாமன் நீ இருக்கிறாய் என்ற தைரியத்தில்தான் பேரைக் கொடுத்தேன். நீ நூறு வயது இருக்க வேண்டும், தம்பி.

உன் அக்கா,
ராகினி