குறைச்சல் யாருக்கு?

1983, வியாழன் இரவு

மூடுபனியில் வெயில் படாமல் தேயிலைக் கொழுந்து பறிக்கும் பெண்களுக்கு வைட்டமின் டி குறைவு, அதனால் எலும்பும் பலவீனம் என்று நிரூபிக்கத்தான் இந்தத் தோட்டத்துக்கு வந்தேன். ஊசிக்குப் பயந்தவர்களுக்குத் தைரியம் வர நானும் குத்திக்கொண்டு, என் ரத்தத்தையும் அவர்களுடையதோடு சேர்த்தே பரிசோதனைக்குக் கோலாலம்பூருக்கு அனுப்பியிருந்தேன். இன்று ஆபீஸ் போனில் முடிவு வந்தது. லைன் இரைச்சலில், போனை எடுத்த ஆபீஸ் குமாஸ்தா கிராணி எல்லாவற்றையும் கத்தித் திருப்பிச் சொன்னார். வாசலில் அத்தனை பெண்களும் நின்றார்கள்.

"எல்லாருக்கும் நல்லா இருக்காம். ஒருத்தருக்குத்தான் ரொம்பக் குறைச்சல். நம்ம டாக்டரம்மாவுக்கு!"

சிரிப்பு அடங்கவே இல்லை. மாரியம்மா மட்டும் என் கையைப் பிடித்து, "உள்ளயே உக்காந்திருந்தா எப்படிம்மா? காலைல எங்ககூட மலைக்கு வாங்க லா," என்றாள்.

என்னை இந்த ஆய்வுக்கு அனுப்பிய பேராசிரியரிடம் என்ன சொல்வேன்? முதுகு வேறு வலிக்கிறது. இத்தனை நாள் அது குளிரால் என்றே நினைத்திருந்தேன்.