சம்பந்தி வாங்கிவந்த ரப்பர் வளையம்

மண்ணூர்,
21.11.1991, வியாழன்

அன்பு மகள் சுபஸ்ரீக்கு அப்பா எழுதுவது. நானும் அம்மாவும் இங்கே சுகம், மஸ்கட்டில் நீயும் மாப்பிள்ளையும் சுகமாக இருப்பதை உன் கையெழுத்தில் பார்த்தால்தான் எங்களுக்குச் சாப்பாடு இறங்கும், அதனால் உடனே பதில் போடு. மழை விட்டு ஏரி நிரம்பியிருக்கிறது. இந்தத் தாளை மட்டும் மாப்பிள்ளை பக்கத்தில் இல்லாதபோது படி, விஷயம் உன் மாமனாரைப் பற்றியது.

கொட்டகையில் நானும் அவரும் சேர்ந்து கட்டும் விமானம் இறக்கை வரை முடிந்துவிட்டது, ஆனால் சக்கரக் காலில் எண்ணெய் ஒழுகுகிறது. அந்தக் குழாய்க்குள் சிவப்பு எண்ணெயும் காற்றும் அடைத்திருக்கும், பளபளவென்று ஒரு தண்டு அதற்குள் ஏறி இறங்கும், தண்டைச் சுற்றியிருக்கிற ரப்பர் வளையம்தான் எண்ணெயை வெளியே விடாமல் பிடித்துக்கொள்ளும். எண்ணெய் போய்விட்டால் தரையில் இறங்கும்போது கால் மடங்கி விமானம் கவிழும். ஓட்டப்போகிறவர் விமானப்படையில் இருந்த இராமச்சந்திரன், பக்கத்து இருக்கையில் நான். தண்டைக் கடைந்தது உன் மாமனார் ரத்தினத்தின் லேத் பட்டறையில், வளையம் வாங்கிவந்ததும் அவர்தான். நான் எல்லாவற்றையும் மண்ணெண்ணெய்த் துணியால் துடைத்து அம்மாவின் முகப் பவுடரைத் தூவிப் பார்த்தேன், குழாய் இணைப்புகள் காய்ந்தே இருந்தன, தண்டு உள்ளே நுழைகிற வாயில் மட்டும் பவுடர் சிவப்பாக நனைந்தது. வளையத்தை மாற்றினோம், மறுபடி ஒழுகியது. வாசல் பக்கத்துக் கால்தான் ஒழுகும் என்பதால் இரண்டு கால்களையும் இடம் மாற்றினோம். நன்றாக இருந்த கால் வாசல் பக்கம் வந்ததும் ஒழுக ஆரம்பித்தது, ஒழுகின கால் புது வளையத்தோடு அந்தப் பக்கம் ஒழுகாமல் நிற்கிறது. இரும்புக்கு வாசல் தெரியுமா, மனுஷனுக்குத்தான் தெரியும்.

கொட்டகைச் சாவி என்னிடம் ஒன்று, அவரிடம் ஒன்று. ஒழுகல் எப்போதும் சனிக்கிழமைதான் கண்ணில் படுகிறது, வெள்ளிக்கிழமை அவர் பட்டறைக்கு மின்சார விடுமுறை. ஆயுத பூஜையன்று அவர் என்னிடம் இன்னா சம்பந்தி அவசரம், பொங்கலுக்கு என் மவன் மோகன் வரட்டும், மொதல்ல அவன் ஏறட்டுமே என்றார், அதற்குப் பிறகுதான் இந்த ஒழுகலே தொடங்கியது. மே மாதக் குண்டுவெடிப்பிலிருந்து ஸ்ரீபெரும்புதூர் பக்கம் யாரைப் பார்த்தாலும் போலீஸ் விசாரிக்கிறது, விமானம் கட்டுகிறவனை விடுவார்களா, வந்தவர்களில் ஒருவர் சக்கரத்தைத் தட்டிப் பார்த்தார். அவர் மேலும் எனக்குச் சந்தேகம் இருந்தது, ஆனால் அவர் ஒருமுறைதான் வந்தார். உன் மாமனார் மாப்பிள்ளைக்கு ஏதாவது எழுதினாரா என்று நைசாக விசாரித்து எழுது. ஞாயிற்றுக்கிழமை பட்டறைக்கே போய் முகத்துக்கு நேராகக் கேட்டுவிடப் போகிறேன். வேணாங்க, நம்ம பொண்ணு அந்த வூட்ல வாழணும் என்று அம்மா தடுக்கிறாள். எனக்கும் அது உறுத்துகிறது, ஆனாலும் என்னால் சும்மா இருக்க முடியாது. நாளைக் காலை கொட்டகையில் மூட்டைகளுக்குப் பின்னால் உட்கார்ந்து யார் வருகிறார்கள் என்று பார்க்கப்போகிறேன்.

வெள்ளி, சாயங்காலம்

வந்தது உன் அம்மா. நான் பின் ஜன்னல் வழியாக நுழைந்து உட்கார்ந்திருந்தேன், அவள் தலைக்குக் குளித்துவிட்டு, வீட்டு ஆணியில் நான் விட்டுவந்த சாவியைப் போட்டுத் திறந்துகொண்டு தட்டோடு வந்தாள். போன வாரம் தண்டில் வைத்த சந்தனம் காய்ந்திருந்ததைத் தேங்காய் நாரால் குத்துவிளக்கைத் தேய்ப்பதுபோல் தேய்த்தாள், பளபளப்பான அதே இடத்தில் புதிதாகச் சந்தனமும் குங்குமமும் வைத்தாள், பிறகு கற்பூரம் ஏற்றத் தீப்பெட்டியை எடுத்தாள். எண்ணெய்க்குப் பக்கத்திலா என்று நான் எழுந்து ஓடினேன், அவள் பயந்து தட்டையே போட்டுவிட்டாள். ஆயுத பூசைலேர்ந்து வாராவாரம் வச்சிகினுதான் வரேன், சம்பந்தி அண்ணன் லேத்துல வைக்கலியா, டிராக்டர்ல வைக்கலியா, நீங்க ஏறப்போற வண்டிய மட்டும் ஒண்ணுமில்லாம வுடுறதா என்றாள். ஒரு காலுக்கு வைத்தால் இரண்டுக்கும் சேர்த்திதானே என்று வாசல் பக்கத்துக் காலோடு நிறுத்திக்கொண்டிருக்கிறாள். நார் தண்டைக் கீறியிருக்கிறது, காய்ந்த சந்தனத்தின் நறநறப்பு தண்டோடு உள்ளே போய் வளையத்தை அறுத்திருக்கிறது. அந்தச் சந்தனப் பொட்டை நான் பார்த்தேன், இராமச்சந்திரன் பார்த்தார், உன் மாமனாரும் பார்த்தார். பொட்டு இல்லாத மெஷினை இந்தப் பக்கத்தில் யார் கண்டோம், அதனால் ஒருவருக்கும் அது உறைக்கவில்லை.

சற்று நேரத்தில் உன் மாமனார் வேறு வளையங்களோடு வந்தார். தண்டில் இருந்த கீறலை நகத்தால் தடவிப் பார்த்துவிட்டு, தங்கச்சிய ஒண்ணும் சொல்லாதீங்க சம்பந்தி, பயத்துலதானே வச்சிச்சு, நான் வேற தண்டு கடைஞ்சி தரேன் என்றார். எனக்குத் தலை நிமிரவில்லை. ஆனால் அவர் என்னைப் பார்த்துச் சிரித்த விதத்தைப் பார்த்தால், நான் அவரைச் சந்தேகப்பட்டதை அம்மா முன்னாலேயே சொல்லியிருப்பாளோ என்று தோன்றுகிறது.

முதல் தாளை நானே கிழித்திருப்பேன், அதன் பின்பக்கம் அம்மா தனியாப்பொடி அனுப்புவது பற்றி எழுதிவிட்டாள். படித்ததும் நீ கிழித்துவிடு, மாப்பிள்ளையிடம் எதையும் விசாரிக்க வேண்டாம். வெயிலில் அலையாதே, மோர் குடி. பதில் போட மறக்காதே. எந்தக் குறையும் அண்டாமல் நீங்கள் இருவரும் மனமொத்து இருக்க வேண்டும், அதுதான் எங்கள் ஆசீர்வாதம்.

ஒன்று சொல்ல விட்டுப்போனது. தண்டுல வைக்கக் கூடாதுன்னா நான் எங்கதான் வைக்கிறது என்று அம்மா அழுதாள். கல்யாணத்தன்றுகூட நான் பொட்டு வைத்துக்கொள்ளவில்லை என்று உனக்கே தெரியும். இங்கே வை என்று நெற்றியைக் காட்டினேன். வைத்துவிட்டு மூக்கில் உதிர்ந்ததை முந்தானையால் துடைத்துவிட்டாள். இன்னும் அதை அழிக்கவில்லை.

இப்படிக்கு,
உன் அப்பா
நடேசன்