சனிக்கிழமை காலேஜ்

அன்பு மகனுக்கு அம்மா எழுதுவது. உடம்பு அளவில் இங்கே யாருக்கும் குறையில்லை, உனக்கும் அப்படியே இருக்க வேண்டும் என்று காலையும் மாலையும் கும்பிட்டுக்கொண்டிருக்கிறேன். போன சனிக்கிழமை நாலு மணிக்குப் போன் அடித்தபோது கூடத்தில் இருந்தது நான், அப்பா, உன் அக்கா, தையல் மிஷினைச் சரிபார்க்க வந்த மெக்கானிக், ஆக நாலு பேர். எட்டு முறை அடித்தது. யாரும் எடுக்கவில்லை. மெக்கானிக்தான் பாவம், போன் அடிக்குதும்மா என்று இரண்டு தடவை சொன்னார், அக்கா அவருக்குத் தண்ணீர் கொண்டுவருகிற சாக்கில் உள்ளே போய்விட்டாள். அடித்தது உன் மனைவி என்று எங்களுக்குத் தெரியும். அதற்கு முந்தின புதன்கிழமை நீ பேசியபோது, நாங்க பிரிஞ்சிட்டோம்மா, இனிமே அவ கூப்பிட்டா எடுக்காதீங்க என்றாய். உன் பேச்சைத் தட்ட மனம் வரவில்லை, அதனால் எடுக்கவில்லை. போனில் இதைச் சொன்னால் நான் அழுவேன், நீயும் அப்புறம் பேசுறேன் என்று வைத்துவிடுவாய், அதனால்தான் எழுதுகிறேன்.

தப்பு யார் மேல் என்று நான் கேட்கவில்லை. ஆனால் உனக்குத் தெரியாத ஒன்று இருக்கிறது. கல்யாணமாகி இரண்டு வருடம் அவளும் நானும் பேசியது ஹலோவும் ஃபைனும்தான், அவளுக்குத் தமிழ் தெரியாது, நான் படித்தது ஐந்தாம் வகுப்பு. பிறகு அவளே ஒரு வழி கண்டுபிடித்தாள், சனிக்கிழமைதோறும் நாலு மணிக்குப் போன் போடுவாள். வீடு வாங்கப் போகிறவர்களைக் காட்டும் அந்த இங்கிலீஷ் நிகழ்ச்சியை இங்கே நான் டிவியில் போடுவேன், அங்கே அவள் கம்ப்யூட்டரில் போடுவாள். இரண்டு பேரும் சத்தத்தை நிறுத்திவிடுவோம். அதில் வருகிற புருஷன் என்ன செய்கிறான், எப்படிச் செய்கிறான் என்று கேட்பாள், நான் சொல்ல வேண்டும். மெல்ல நடந்தால் ஸ்லோலி, பார்த்துப் பார்த்துக் கால் வைத்தால் கேர்ஃபுலி. தேதி, வார்த்தை, எந்த வீட்டில் பார்த்தது என்று மூன்று பத்தி போட்டு நோட்டில் எழுதிவைத்தேன், இருநூற்றுப் பதினாறு வார்த்தை ஆகியிருக்கிறது. உங்கம்மா காலேஜுக்குப் போயிட்டா, டீ நாமதான் போட்டுக்கணும் என்று அப்பா அக்காவிடம் கேலி செய்வார், ஆனால் நாலு மணிக்கு ஐந்து நிமிஷம் இருக்கும்போதே டிவியைப் போட்டுவைப்பதும் அவர்தான்.

போன் எடுக்காத அந்த சனிக்கிழமைக்கு முந்தின வாரம் டிவியில் ஒரு காலி வீட்டின் ஜன்னலோரம் ஒரு பெண் நின்றுகொண்டிருந்தாள், புருஷன் வேறு அறையில் இருந்தான். எப்படி நிற்கிறாள் என்று உன் மனைவி கேட்டாள். கொயட்லி என்றேன். சரிதான், ஆனால் இதற்கு இன்னும் பொருத்தமான வார்த்தை இருக்கிறது, அடுத்த வாரம் சொல்கிறேன் என்று வைத்துவிட்டாள், எப்போதும் கடைசியில் தமிழில் சாப்பிட்டீங்களா என்று கேட்பவள் அன்றைக்குக் கேட்கவில்லை. நோட்டில் அந்த வரிக்கு நேரே இடம் விட்டுவைத்திருக்கிறேன். சாமி முன்னால் உட்கார்ந்தால் இதுதான் ஞாபகம் வருகிறது. டிவியில் வருகிற ஊர்பேர் தெரியாதவர்கள் எல்லோரும் எப்படி நிற்கிறார்கள், எப்படி நடக்கிறார்கள் என்று சொன்னேன், அவள் எப்படி இருக்கிறாள் என்று ஒரு நாளும் கேட்கவில்லையப்பா. கேட்க வார்த்தை என்னிடம் இருந்தது.

இந்தக் கடிதத்தின் பின்பக்கம் அவளிடம் சொல்ல இங்கிலீஷில் மூன்று வரி எழுதியிருக்கிறேன். போனை எடுக்காதது கோபத்தால் இல்லை என்று ஒன்று, உனக்காகவும் கும்பிடுகிறேன் என்று ஒன்று, நீ எப்படி இருக்கிறாய் என்று ஒன்று. என் பிழைகளைத் திருத்துகிறவள் அவள்தான், இதை அவளிடமே கொடுத்துத் திருத்த முடியாது, அதனால் நீ பார். அவள் இன்னொரு தடவை கூப்பிட்டால் எடுத்து இதை மட்டும் சொல்லிவிட்டு வைத்துவிடுகிறேன், அதற்கு நீ சரி என்று சொல்ல வேண்டும். காலையில் வெறும் வயிற்றோடு வேலைக்கு ஓடாதே, தனியாக இருக்கிறோம் என்று சமைக்காமல் இருக்காதே. கடவுள் உன் பக்கத்திலேயே இருக்கட்டும். கடிதம் வந்து சேர ஒன்பது நாள் ஆகும், அதற்குள் ஒரு சனிக்கிழமை போய்விடும். திருத்த மனமில்லை என்றால் அதையாவது எழுது. பதிலைச் சீக்கிரம் போடு.

ஆசீர்வாதத்துடன்,
அம்மா